பாட்டியின் போனில் தாத்தாவின் கதைகள்... பழைய டி.டி.பி ஃபைல் மின்னூலாவது எப்படி?

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். தாத்தா தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊர்க் கதைகளையும் பள்ளி அனுபவங்களையும் நோட்டில் எழுதி, இருபது வருடங்களுக்கு முன்பு பஸ் ஸ்டாண்ட் பக்கத்து டி.டி.பி கடையில் கொடுத்து டைப் செய்து வாங்கினார். புத்தகமாகப் போட வேண்டும் என்ற ஆசை நிறைவேறாமலே போய்ச் சேர்ந்துவிட்டார். மிச்சம் இருப்பது ஒரு சி.டி. அதில் இரண்டு வேர்டு ஃபைல்களும் ஒரு பி.டி.எஃப்-பும் இருக்கின்றன.

பாட்டிக்குக் கண்புரை ஆபரேஷன் ஆகியிருக்கிறது. பேரன் அந்த பி.டி.எஃப்-பை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறான். திறந்தால் எழுத்து எறும்பு வரிசை போல ஓடுகிறது. இரண்டு விரலால் பெரிதாக்கினால் பாதி வரி திரைக்கு வெளியே போய்விடுகிறது. வலது பக்கம் தள்ளி, இடது பக்கம் இழுத்து, நாலு வரி படிப்பதற்குள் கை ஓய்ந்துவிடுகிறது. ‘அப்புறம் படிச்சுக்கறேன்ப்பா’ என்று போனைக் கீழே வைத்துவிடுகிறார். இந்தக் காட்சி உங்கள் வீட்டிலும் நடந்திருக்கும்.

தப்பு பாட்டியின் கண்ணிலும் இல்லை, போனிலும் இல்லை. பி.டி.எஃப் பிறந்ததே வேறு வேலைக்காக.

தாளும் தண்ணீரும்

பி.டி.எஃப் என்பது கிட்டத்தட்ட ஒரு தாள். எந்த வரி எங்கே முடிய வேண்டும், எந்த எழுத்து எந்த இடத்தில் உட்கார வேண்டும் என்பதெல்லாம் அதில் முன்பே முடிவாகியிருக்கும். அச்சகத்துக்கு அனுப்ப அதைவிட நல்லது கிடையாது. ஆனால் ஏ-4 அளவுத் தாளை ஆறு அங்குலத் திரைக்குள் சுருக்கினால் எழுத்தும் சேர்ந்து சுருங்கத்தான் செய்யும்.

மின்னூலுக்கென்றே உருவான ‘இ-பப்’ தண்ணீர் மாதிரி. எந்தப் பாத்திரத்தில் ஊற்றினாலும் அந்த வடிவம் எடுக்கும். எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தானாக மடிந்து, பக்கங்களின் எண்ணிக்கை கூடும். பக்கவாட்டில் இழுக்கும் தொல்லை இல்லை. 2007-ல் சர்வதேச அளவில் தரப்படுத்தப்பட்ட இந்த வடிவத்தை இப்போது பராமரிப்பது, இணையத்துக்கான விதிகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு. பொருத்தம்தான். ஏனென்றால் இ-பப்புக்குள் இருப்பது ஒரு குட்டி இணையதளமேதான். நம்ப முடியவில்லையா? கம்ப்யூட்டரில் ஒரு இ-பப் ஃபைலின் பெயர்க் கடைசியில் ‘ஜிப்’ என்று மாற்றித் திறந்து பாருங்கள். அத்தியாயத்துக்கு ஒன்றாக இணையப் பக்கங்கள், படங்கள், அட்டை, பொருளடக்கம் எல்லாம் தனித்தனியாக அடுக்கி வைக்கப்பட்டிருக்கும்.

அமேசான் மட்டும் ஆரம்பத்திலிருந்தே தனி ரூட். 2005-ல் மோபிபாக்கெட் என்ற பிரெஞ்சு நிறுவனத்தை வாங்கி, அதன் ‘மோபி’ வடிவத்தை அடித்தளமாக வைத்து 2007-ல் கிண்டிலைக் கொண்டு வந்தது. அதிலிருந்து ஒரே புத்தகத்துக்கு இரண்டு ஃபைல் செய்யும் வேலை உலகம் முழுவதும் எல்லார் தலையிலும் விழுந்தது.

தமிழுக்கு இன்னொரு தலைவலியும் சேர்ந்துகொண்டது. பழைய கருவிகள் பலவற்றுக்குத் தமிழ் எழுத்தைச் சேர்க்கவே தெரியவில்லை. ‘கொ’ என்று வர வேண்டிய இடத்தில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று சிதறிக் கிடக்கும். இல்லையென்றால் வெறும் கட்டங்கள்தான். 2013-ல் தொடங்கிய ‘ஃப்ரீ தமிழ் இ-புக்ஸ்’ திட்டத்தினர் இதற்குக் கண்டுபிடித்த வழி சுவாரஸ்யமானது. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வரும் தமிழ்ப் புத்தகங்களை இலவசமாகத் தரும் தன்னார்வலர்கள் அவர்கள். ஒவ்வொரு புத்தகத்தையும் இ-பப், மோபி, ஏ-4 பி.டி.எஃப் என வெளியிட்டதோடு, ‘6 அங்குல பி.டி.எஃப்’ என்று ஒன்றையும் சேர்த்தே கொடுத்தார்கள். தண்ணீர் ஓடாத இடத்தில் தாளையே கருவியின் அளவுக்கு வெட்டிக் கொடுத்துவிட்டார்கள்! 2016 கடைசியில் அமேசான் தமிழ் மின்னூல்களை முறைப்படி விற்க ஆரம்பித்தது. இன்றைய போன்களிலும் புதிய கிண்டில்களிலும் எழுத்து சிதறும் பிரச்னை அநேகமாக இல்லை.

‘அம்மா’ எங்கே போனாள்?

சரி, தாத்தாவின் வேர்டு ஃபைலை அப்படியே இ-பப் ஆக்கிவிடலாமா? இங்கேதான் பெரும்பாலான குடும்பங்கள் சிக்கிக்கொள்கின்றன.

அந்தக் காலத்து டி.டி.பி கடைகளில் பாமினி, வானவில், ஸ்ரீலிபி என்று கடைக்கு ஒரு எழுத்துரு. பாமினியில் ‘அம்மா’ என்று அடித்திருந்தால், ஃபைலுக்குள் உண்மையில் இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கில விசைகள்தான். அவற்றின் மேல் ‘அம்மா’ என்ற படத்தைப் போர்த்தி வைத்திருக்கிறது எழுத்துரு. போர்வையை உருவினால், அதாவது அந்த எழுத்துரு இல்லாத கருவியில் திறந்தால், வெளியே வருவது புரியாத ஆங்கிலக் கிறுக்கல். ‘அம்மா’ என்று தேடினால் ஓர் இடத்திலும் கிடைக்க மாட்டாள்.

பார்வையற்ற வாசகர்களுக்கு இது இன்னும் பெரிய அடி. போனில் உள்ள திரைவாசிப்பான் யுனிகோடு தமிழைச் சரளமாகப் படித்துக் காட்டும். பாமினி ஃபைலையோ ‘எம்... கே...’ என்றுதான் படிக்கும். பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் படிப்பதற்கேற்ற வடிவத்தில் புத்தகத்தை மாற்றிக்கொள்ள 2012-ம் ஆண்டு காப்புரிமைச் சட்டத் திருத்தம் வழி விட்டிருக்கிறது. இதற்கான மராகேஷ் சர்வதேச உடன்படிக்கைக்கு 2014-ல் முதல் நாடாக ஒப்புதல் அளித்ததும் இந்தியாதான். சட்டம் கதவைத் திறந்தும், பழைய எழுத்துரு உள்ளே விடாமல் நிற்கிறது.

ஆக, முதல் வேலை யுனிகோடுக்கு மாற்றுவது. ‘என்.எச்.எம் கன்வெர்ட்டர்’ போன்ற இலவச மாற்றிகள் இருக்கின்றன. எந்த எழுத்துரு என்று சரியாகத் தேர்ந்தெடுத்துவிட்டால் நூறு பக்கம் சில விநாடிகளில் மாறிவிடும். மாறிய பிறகு நிம்மதியாகத் தூங்கப் போய்விடக் கூடாது. கதைக்கு நடுவே தாத்தா ஆங்கிலத்தில் ‘மெட்ராஸ்’ என்று எழுதியிருந்தால், மாற்றி அதையும் பாமினி என்று நினைத்து ‘ஆயனசயள’ என்று ஆக்கி வைத்திருக்கும். ‘கௌரவம்’ என்பது ‘கெளரவம்’ ஆகியிருக்கும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். முதலாவதில் இருப்பது ஔகாரக் குறி, இரண்டாவதில் இருப்பது ‘ள’ என்ற எழுத்து. தேடலும் திரைவாசிப்பானும் இதில் ஏமாந்துபோகும். துணைக்கால் ‘ர’வாகவும், ‘ர’ துணைக்காலாகவும் இடம் மாறியிருக்கும். குடும்பத்தில் தமிழ் நன்றாகத் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து வரி வரியாகப் படித்தே தீர வேண்டும். ஏ.ஐ காலத்திலும் இதற்குக் குறுக்குவழி கிடையாது.

பேஜ்மேக்கரில் செய்த ஃபைல் என்றால் கொஞ்சம் அலைச்சல். அந்த மென்பொருளின் கடைசிப் பெரிய பதிப்பு வந்ததே 2001-ல். பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்கும் டி.டி.பி கடையைக் கண்டுபிடித்து, எழுத்துகளை மட்டும் தனியாக எடுத்துத் தரச் சொல்ல வேண்டும். அச்சுத்தாள் மட்டும்தான் மிஞ்சியிருக்கிறதா? பக்கங்களை நல்ல வெளிச்சத்தில் நேராகப் படம் எடுத்து கூகுள் டிரைவில் ஏற்றி, ‘கூகுள் டாக்ஸ்’ வழியாகத் திறந்தால், படத்தில் இருக்கும் தமிழை எழுத்தாக மாற்றித் தரும். பிழை திருத்தும் வேலை இதில் இன்னும் கூடுதல்.

ரயில்வே கம்பியும் காலிபரும்

எழுத்து சரியானதும் வேர்டிலோ கூகுள் டாக்ஸிலோ ஒரு சின்ன ஒழுங்கு தேவை. அத்தியாயத் தலைப்பை வெறுமனே பெரிதாக்கி ‘போல்டு’ செய்தால் போதாது. அதைத் தேர்ந்தெடுத்து ‘ஹெடிங் 1’ என்று குறிக்க வேண்டும். மின்னூலின் பொருளடக்கம் உருவாவது அந்தக் குறியை வைத்துத்தான். அடுத்த பக்கம் போவதற்காக என்டர் கீயை இருபது தடவை தட்டும் பழக்கம் நம் எல்லாருக்கும் உண்டு. மின்னூலில் பக்கம் என்பதே நிலையில்லாதது என்பதால் அங்கெல்லாம் வெற்றிடம் பல் இளிக்கும். பக்க எண்களையும், ஒவ்வொரு பக்கத்தின் மேலும் வரும் புத்தகப் பெயரையும் அழித்துவிடுங்கள். இல்லையென்றால், ‘அவன் கண்ணீரோடு’ என்பதற்கும் ‘திரும்பினான்’ என்பதற்கும் நடுவே 47 என்ற எண் ரயில்வே கம்பி மாதிரி குறுக்கே நிற்கும்.

கம்ப்யூட்டர் இல்லாதவர்கள் கூகுள் டாக்ஸிலிருந்தே இ-பப் வடிவில் சேமித்துக்கொள்ளலாம். லிப்ரே ஆபீஸிலும் அந்த வசதி வந்துவிட்டது. கொஞ்சம் அழகாக, அட்டைப்படத்தோடு வேண்டும் என்றால் ‘காலிபர்’ பக்கம் போக வேண்டும்.

இலவச மென்பொருளான காலிபரின் பின்னால் ஓர் இந்தியர் இருக்கிறார். 2006-ல் சோனி நிறுவனம் ஒரு மின்னூல் வாசிப்புக் கருவியை வெளியிட்டது. லினக்ஸ் கம்ப்யூட்டரோடு அது பேச மறுத்தது. அமெரிக்காவின் கால்டெக்கில் இயற்பியல் ஆராய்ச்சி மாணவராக இருந்த கோவித் கோயல், தன் வசதிக்காக அதற்கு ஒரு நிரல் எழுதினார். அதுதான் வளர்ந்து, 2008-ல் காலிபர் என்று பெயர் மாறி, இன்று மின்னூல் செய்பவர்களின் அம்மிக்கல் ஆகியிருக்கிறது.

ஃபைலை அதில் போட்டு, தலைப்பு, ஆசிரியர் பெயர், மொழி ‘தமிழ்’, அட்டைப்படம் நான்கையும் நிரப்ப வேண்டும். ‘கன்வெர்ட்’ அழுத்தி வெளியீட்டு வடிவத்தைத் தேர்ந்தெடுத்தால் வேலை முடிந்தது. இரண்டு விஷயம் மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பழைய ‘டாக்’ ஃபைலை காலிபர் வாங்காது, ‘டாக்எக்ஸ்’ ஆகச் சேமித்துக் கொடுக்க வேண்டும். பி.டி.எஃப்-பிலிருந்து மாற்றுவது கடைசிப் புகலிடம். எந்தெந்த வடிவத்திலிருந்து மாற்றினால் நன்றாக வரும் என்று காலிபரின் கையேடு போட்டிருக்கும் வரிசையில், பி.டி.எஃப்-புக்குக் கடைசி இடம்தான்.

எந்தக் கருவிக்கு எது? ஆண்ட்ராய்டு போன் என்றால் இ-பப் போதும், கூகுள் பிளே புக்ஸில் ஏற்றிவிடலாம். ஐபோனில் ‘புக்ஸ்’ செயலி நேரடியாகத் திறக்கும். கோபோ கருவிக்கும் இ-பப்தான். கிண்டில் மட்டும் இன்னமும் கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும். கேபிள் போட்டு இ-பப்பை உள்ளே தள்ளினால் காட்டாது. காலிபரில் ‘ஏ.இசட்.டபிள்யூ 3’ ஆக மாற்றித் தள்ள வேண்டும். அல்லது அமேசானின் ‘சென்ட் டு கிண்டில்’ வழியாக அனுப்ப வேண்டும். 2022 முதல் அந்த வழியில் இ-பப்பையே ஏற்றுக்கொள்கிறார்கள். மோபிக்கு அங்கே கதவு சாத்தப்பட்டுவிட்டதால், பழைய குறிப்புகளைப் படித்துவிட்டு மோபி செய்துகொண்டிருக்க வேண்டாம். மெயிலில் அனுப்புவதாக இருந்தால், உங்கள் மெயில் முகவரியை அமேசான் கணக்கில் அனுமதித்திருக்க வேண்டும். ‘அனுப்பினேன், வரவே இல்லை’ என்று சொல்பவர்களில் பலர் தவறவிடுவது இந்த ஒரு படியைத்தான்.

யாருடைய புத்தகம்?

மாற்றத் தெரிந்துவிட்டது என்பதற்காக அலமாரியில் இருக்கும் எல்லாவற்றையும் மாற்றிக் குரூப்பில் சுற்றுக்கு விடுவது வேறு கதை. இந்தியாவில் எழுத்தாளர் இறந்து 60 ஆண்டுகள் வரை உரிமை அவருடைய வாரிசுகளுக்கு உண்டு. 1949-ல் பாரதியாரின் படைப்புகளை அரசு பொதுவுடைமையாக்கியதிலிருந்து, தமிழக அரசு பலருடைய நூல்களை நாட்டுடைமை ஆக்கியிருக்கிறது. அவற்றைத் தாராளமாக மாற்றலாம். 1998-ல் பொங்கலை ஒட்டித் தொடங்கிய மதுரைத் திட்டத்தில், தன்னார்வலர்கள் தட்டச்சு செய்த பழந்தமிழ் நூல்களும் காத்திருக்கின்றன. பணம் கொடுத்து வாங்கிய மின்னூலின் பூட்டை உடைத்து நாலு பேருக்கு அனுப்புவது மட்டும் வேண்டாம். தாத்தா எழுதியதற்கு உரிமை குடும்பத்துக்குத்தான். பாட்டி, பெரியப்பா, அத்தை எல்லாரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வெளியிடலாம்.

பேரன் ஒரு மாதம் உட்கார்ந்து செய்து முடித்ததும் முதல் ஃபைல் போகிறது பாட்டிக்கு. எழுத்தின் அளவைக் கூட்டி, பின்னணியை லேசான பழுப்பாக்கிக் கொடுக்கிறான். ஒரு திரைக்கு ஒன்பது வரிதான் வருகிறது. பரவாயில்லை, ஒவ்வொரு வரியும் முழுசாக வருகிறது.

மறுநாள் காலை போன் வருகிறது. மூன்றாவது கதையில் வாத்தியார் பேர் தப்பா இருக்காம். அவர் ராமையா இல்லையாம், ராசையாவாம். தாத்தா எழுதினதையே டி.டி.பி கடைக்காரன் அப்பவே மாத்திட்டானாம். ‘திருத்தி மறுபடி அனுப்புப்பா.’