பன்னிரண்டு அங்குலத்தில் ஒரு விளையாட்டு

நியூயார்க்கில் உணவகம் நடத்திய ஜோ தும் பவேரியாவிலிருந்து வந்து குடியேறியவர். 1886-ல் கடையின் நிலவறையில் பவுலிங் தடங்களை அமைத்தார். 1891-ல் ஜெர்மானியா ஹாலில் ஆறு தடங்கள். 1901-ல் மின்விளக்குகளுடன் ‘வெள்ளை யானை’ என்ற பெரிய கூடம். அமெரிக்க பவுலிங்கின் தந்தை என்று அவரைச் சொல்வார்கள்.

ஆட்டம் பரவியது, அளவுதான் ஊருக்கு ஊர் வேறு. ஓரிடத்தில் எடுத்த புள்ளிக்கு இன்னோரிடத்தில் மதிப்பில்லை. தும் போன்றவர்கள் முன்னின்று மன்றங்களைத் திரட்ட, 1895 செப்டம்பர் 9 அன்று நியூயார்க்கின் பீத்தோவன் ஹாலில் அமெரிக்கன் பவுலிங் காங்கிரஸ் பிறந்தது. அதிகபட்சப் புள்ளி 300, பந்தால் வீழ்த்த வேண்டிய பின்களின் மையங்களுக்கு இடையே 12 அங்குலம் என்று முடிவானது.

அந்த 12 அங்குலத்தில்தான் இயற்பியலே இருக்கிறது. இன்றைய பின்னின் உயரம் 15 அங்குலம். சாய்ந்தால் பக்கத்துப் பின்னை எட்டிவிடும். அதன் வயிற்றுப் பகுதி 4¾ அங்குல அகலம். ஆக, இரண்டு பின்களுக்கு நடுவே மிஞ்சுவது 7¼ அங்குலம். பந்தின் விட்டமோ ஏறத்தாழ 8½. உரசாமல் நழுவிப்போக வழியே இல்லை!

பந்து அதிகபட்சம் 16 பவுண்டு, பின் சுமார் மூன்றரை பவுண்டு. என்ன கனமிருந்தாலும், முதல் பின்னின் ஓரத்தில் மோதினால் பந்து சற்று விலகத்தான் செய்யும். நேராக உருட்டிய பந்து அப்படி விலகினால், முக்கோணமாக நிற்கும் பத்துப் பின்களின் நடுவிலுள்ள 5-ஆம் பின் தப்பிவிடும். அதனால்தான் தேர்ந்த ஆட்டக்காரர்கள் பந்தைச் சுழற்றி விடுகிறார்கள். தடத்தின் முற்பகுதியில் எண்ணெய் பூசியிருப்பதால் அது வழுக்கிக்கொண்டே போகும். கடைசி இருபது அடியோ உலர்ந்த தரை. அங்கே பிடிப்புக் கிடைத்ததும் வளைந்து, சுமார் 6 பாகைக் கோணத்தில் முதல் பின்னுக்கும் மூன்றாவதற்கும் இடையே பாய்கிறது.

முதல் பந்திலேயே எல்லாப் பின்களும் விழுந்தால் அது ஸ்ட்ரைக். வலக்கையர் ஒருவரின் கச்சிதமான ஸ்ட்ரைக்கில் பந்து தொடுவது 1, 3, 5, 9 என நாலே நாலு பின்களைத்தான். முதல் பின் 2-ஐத் தள்ள, அது 4-ஐ, 4 போய் 7-ஐ. மூன்றாவது விழுந்து 6-ஐச் சாய்க்க, அது 10-ஐ. ஐந்தாவது எட்டைக் கவனித்துக்கொள்கிறது.

முதல் பின்னின் நடுமண்டையில் அடித்தால் எல்லாம் சிதறும் என்று புதிதாக ஆடுபவர் நினைப்பார். பலமுறை நடப்பது வேறு: பந்து நடுவே பிளந்துகொண்டு போக, இரு பக்கமும் பின்கள் நின்றுவிடும். அதில் மோசமானது கடைசி வரிசையின் இரு முனைகளிலும் 7-ம் 10-ம் மட்டும் நிற்பது. இடைவெளி மூன்று அடி, கையிலிருப்பதோ ஒரே பந்து.