எஞ்சியவற்றைச் சேர்க்கும் அறிவியல்

தென்னையும் பனையும் நம் மக்களுக்கு வெறும் மரங்கள் அல்ல. குடும்பத்தில் ஒருவர் போன்றவை. அவற்றின் ஓலை கூரையாகின்றது, ஈர்க்கு விளக்குமாறாகின்றது, மட்டையும் பாளையும் அடுப்பை எரிக்கின்றன, நார் கயிறாகின்றது. குருத்தோலை ஞாயிறன்று ஆண்டவரை வாழ்த்தி நாம் உயர்த்திப் பிடிப்பதும் இவற்றின் குருத்தையே. இம்மரங்களில் கழித்துப் போடுவதற்கு ஒன்றுமில்லை என்பதை நம் முன்னோர் எந்தக் கல்லூரியிலும் பயிலாமலே அறிந்திருந்தனர்.

இதே குலத்தில் பிறந்த வேறொரு மரம் இன்று உலகத்தின் அடுக்களைகளுள் நுழைந்துள்ளது. அதுவே எண்ணெய்ப் பனை. மலேசியத் தமிழர் அதனைச் செம்பனை என்பர். நியாய விலைக் கடையில் நம் குடும்பங்கள் வாங்கும் பாமாயில் இம்மரத்துக் கனியின் சதையிலிருந்து பிழியப்படுவதே. சோப்பு, பிஸ்கோத்து, மெழுகுவர்த்தி எனப் பல பொருள்களிலும் அது கலந்து நிற்கின்றது. இம்மரத்தைப் பற்றி அறிஞர் நடத்தியுள்ள ஆராய்ச்சிகளில், விசுவாசிகளாகிய நாம் எண்ணிப் பார்க்கத் தக்க பாடங்கள் பல உள்ளன.

செம்பனையின் தாயகம் மேற்கு ஆப்பிரிக்கா. 1848-ஆம் ஆண்டில் நான்கே நான்கு கன்றுகள் ஜாவாத் தீவின் பொகோர் தாவரவியல் பூங்காவில் நடப்பட்டன. மலாயாவில் இதனை முதன்முதலாக வாணிபப் பயிராக நட்டவர் பிரெஞ்சுக்காரரான ஹென்றி போக்கோனியே. ஆண்டு 1917, இடம் சிலாங்கூர் மாநிலத்துத் தென்னமரம் தோட்டம். தமிழ்ச் செவிக்கு எத்துணைப் பழகிய பெயர்! இன்று ஒரு ஹெக்டேர் செம்பனை ஆண்டுக்கு 3 முதல் 4 டன் வரை எண்ணெய் தருகின்றது. அதே பரப்பில் சோயா மொச்சை தருவது ஏறத்தாழ அரை டன்னே.

துறவியின் பட்டாணியும் பனையின் ஓடும்

செம்பனைக் கனியின் வெளிச் சதையில் ஓர் எண்ணெய். உள்ளே பருப்பில் வேறோர் எண்ணெய். இவ்விரண்டிற்கும் இடையே ஓடு. இந்த ஓட்டைக் கொண்டு மரங்களை மூவகையாகப் பிரிப்பர். தடித்த ஓடுடையது தூரா. ஓடே இல்லாதது பிசிபெரா. மெல்லிய ஓடுடையது தெனெரா. ஓடு தடித்தால் சதை குறையும். சதை குறைந்தால் எண்ணெய் குறையும். ஓடற்ற வகையோ பெரும்பாலும் காய்ப்பதில்லை. ஆகவே மெல்லோட்டு மரமே உழவருக்கு வேண்டியது. ஆனால் அதன் விதைகளை நட்டால் மூவகை மரங்களும் கலந்து முளைத்தன. காரணம் எவருக்கும் விளங்கவில்லை.

விடையை 1941-இல் அன்றைய பெல்ஜியக் காங்கோவின் யங்காம்பி ஆய்வு நிலையத்தில் பெய்ர்நார்ட், வாண்டர்வேயன் என்னும் இருவர் வெளியிட்டனர். தெனெரா தனி இனம் அன்று. தூராவுக்கும் பிசிபெராவுக்கும் பிறந்த கலப்பே அது. தடித்த ஓட்டு மரத்தையும் ஓடற்ற மரத்தையும் இணைத்தால் பிறப்பவை எல்லாம் மெல்லோடுடையவை. மெல்லோட்டு மரங்களையே தம்முள் இணைத்தால் கால் பங்கு தடித்த ஓடு, அரைப் பங்கு மெல்லோடு, கால் பங்கு ஓடின்மை என்று பிரியும்.

இக்கணக்கின் அடிப்படை விதியை உலகுக்குத் தந்தவர் யார்? இன்றைய செக் நாட்டிலுள்ள பிர்னோ நகரின் அகுஸ்தினார் மடத்துத் தோட்டத்தில் பட்டாணிச் செடிகளை ஆண்டுக்கணக்கில் வளர்த்து எண்ணிய குருவானவர் கிரகோர் மெண்டல். 1866-இல் அவர் வெளியிட்ட கட்டுரையை அவர் வாழ்நாளில் உலகம் பொருட்படுத்தவில்லை. மடத்துத் தோட்டத்தில் கண்ட உண்மை, அவர் கண்டிராத கண்டத்தில் அவர் கண்டிராத மரத்திற்கும் பொருந்திற்று. விசுவாசமும் அறிவியலும் பகையானவை என்று நம் இளைஞரிடம் எவரேனும் கூறினால், இந்தத் துறவியை அவர்கள் நினைவுகூரட்டும்.

ஆராய்ச்சி அங்கு நின்றுவிடவில்லை. ஓட்டின் தன்மையை முடிவு செய்யும் மரபணுவை மலேசியச் செம்பனை வாரியத்தின் அறிஞரும் அமெரிக்க அறிஞரும் கூடி 2013-இல் கண்டறிந்து வெளியிட்டனர். அக்குழுவில் முன்னின்றோருள் ஒருவர் ரவிகாதேவி சம்பந்தமூர்த்தி என்னும் பெண் அறிஞர். மரம் காய்க்கும்வரை ஆண்டுக்கணக்கில் காத்திராமல், நாற்றங்காலிலேயே தக்க கன்றைத் தெரிந்தெடுக்க இக்கண்டுபிடிப்பு வழி செய்தது. இருக்கின்ற நிலத்திலேயே மிகுதியான எண்ணெய் கிடைக்குமாயின், காட்டை அழித்து நிலம் தேட வேண்டிய தேவை குறையுமன்றோ!

கூன்வண்டு செய்த உதவி

கூன்வண்டு என்றதும் நம் தென்னை உழவர் முகம் சுளிப்பர். மரத்தைக் குடைந்து சாய்க்கும் செங்கூன்வண்டை அவர்கள் அறிவர். செம்பனைக்கோ அவ்வண்டின் உறவான ஒரு சிறு வண்டு உற்ற நண்பன்.

செம்பனையில் ஆண்பாளையும் பெண்பாளையும் ஒரே மரத்தில் வெவ்வேறு காலங்களில் தோன்றும். எனவே ஒரு மரத்தின் மகரந்தம் மற்றொரு மரத்தை அடைந்தாக வேண்டும். காற்றே அதைச் சுமந்து செல்கின்றது என்று பல காலம் கருதப்பட்டது. ஆயினும் மலேசியாவில் காய்கள் சரிவரப் பிடிக்கவில்லை. ஆகவே மகரந்தத்தை முகப்பூச்சு மாவு போன்ற பொடியுடன் கலந்து, மரம் மரமாகச் சென்று, பெண்பாளைகளின்மீது ஊதும் வேலைக்குத் தொழிலாளர் அமர்த்தப்பட்டனர். தோட்டப் பெண்கள் பலர் இவ்வேலையைச் செய்தனர். அவர்களுள் நம் இனத்துப் பெண்களும் இருந்தனர். முள் நிறைந்த மட்டைகளுக்கிடையே கை நுழைத்து, வெயிலிலும் ஈரத்திலும் நாள்தோறும் செய்த உழைப்பு அது.

ஆப்பிரிக்காவின் காமரூன் நாட்டில் முன்னர்ப் பணியாற்றிய லெஸ்லி டேவிட்சன் என்னும் தோட்ட அதிகாரி, அங்கே எவரும் கை வைக்காமலே காய் நன்கு பிடிப்பதையும், பாளைகளில் சிறு வண்டுகள் மொய்ப்பதையும் கண்டிருந்தார். அவர் தூண்டுதலால் பாகிஸ்தானியப் பூச்சியியல் அறிஞர் ரகுமான் சையத் காமரூனில் ஆய்வு நடத்தினார். காற்றைக் காட்டிலும் இவ்வண்டுகளே மகரந்தத்தைச் சுமக்கின்றன என்று தெளிவாயிற்று. சோம்பு போன்ற மணத்தால் ஆண்பாளை வண்டை ஈர்க்கின்றது. வண்டு அங்கே உண்டு, முட்டையிட்டுப் பெருகுகின்றது. பெண்பாளையும் மலரும் காலத்தில் அதே மணத்தைச் சிறிது வீசுகின்றது. அதனை நாடிச் செல்லும் வண்டு, தன் உடலில் ஒட்டிய மகரந்தத்தை அங்கே உதிர்த்துவிட்டுத் திரும்புகின்றது.

வேற்று நாட்டுப் பூச்சியை அவசரப்பட்டு விட்டுவிடவில்லை. பிற பயிர்களை அது தின்னுமா என்று முதலில் சோதித்தனர். அதன் பின்னரே 1981 பிப்ரவரியில் ஜோகூர் மாநிலத்துத் தோட்டமொன்றில் வண்டுகள் விடப்பட்டன. அவை விரைவில் பெருகிப் பரவின; காய்ப்பிடிப்பு உயர்ந்தது; கையால் மகரந்தம் ஊதும் வேலை முடிவுற்றது. 1985-இல் இந்தியாவிற்கும் இவ்வண்டு கொண்டுவரப்பட்டது. சில மில்லிமீட்டர் நீளமே உள்ள ஓர் உயிர் பெரும் தொழில் ஒன்றின் போக்கையே மாற்றியது. படைப்பில் அற்பம் என்று எதையும் தள்ளிவிடலாகாது.

கழிவிலும் பயன் உண்டு

ஆலைக்கு வரும் 100 கிலோ குலையில் எண்ணெய் ஏறத்தாழ 20 கிலோவே. கனி உதிர்ந்த வெற்றுக் குலை மட்டும் 20 கிலோவுக்கு மேல். பிழிந்த நாரும் உடைத்த ஓடும் தனி. இவற்றோடு, ஒரு டன் எண்ணெய் எடுக்கையில் ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்று டன் கழிவுநீர் வெளிவருகின்றது. அதில் நஞ்சில்லை, ஆயினும் ஆற்றில் கலந்தால் நீரிலுள்ள உயிர்வளியை உறிஞ்சி மீன்களை மாய்த்துவிடும். வீட்டுக் கழிவுநீரைக் காட்டிலும் அதன் கேடு ஏறத்தாழ நூறு மடங்கு.

1977-இல் மலேசிய அரசு இதற்கெனச் சட்ட விதிகள் வகுத்தது. கழிவுநீர் உறிஞ்சும் உயிர்வளியின் அளவு தொடக்கத்தில் லிட்டருக்கு 5,000 மில்லிகிராமைத் தாண்டலாகாது. படிப்படியாகக் குறைந்து 1984-க்குள் அது 100 ஆக வேண்டும் என்பது கட்டளை. சட்டம் நெருக்கவே ஆராய்ச்சி விரைந்தது. குளங்களில் நீரைத் தேக்கி நுண்ணுயிர்களைக் கொண்டு தூய்மையாக்கும் முறை எங்கும் வந்தது. அக்குளங்களில் எழும் மீத்தேன் வாயு வெப்பத்தை மிகுவிக்கும் தீய வாயு. இன்று பல ஆலைகள் அதனைப் பிடித்து மின்சாரம் ஆக்குகின்றன. நாரும் ஓடும் கொதிகலனில் எரிந்து ஆலைக்கே நீராவி தருகின்றன. முன்னர்ப் புகை கக்க எரிக்கப்பட்ட வெற்றுக் குலைகள் இப்பொழுது மரங்களின் அடியில் பரப்பப்பட்டு, ஈரத்தைக் காத்து, சாம்பல் சத்தை மண்ணுக்குத் திருப்பித் தருகின்றன. வெட்டிய மட்டைகளைத் துண்டாக்கி மாட்டுத் தீவனமாக்கலாம் என்பதும் ஆராய்ந்து காணப்பட்டது.

அந்தக் கழிவுநீரிலேயே உடலுக்கு நலம் செய்யக்கூடிய பினாலிக் பொருள்கள் கரைந்திருப்பதை ரவிகாதேவி அம்மையாரும் அவர் தோழரும் 2011-இல் வெளியிட்டனர். விலங்குகளிடம் நடத்திய சோதனைகளில் நற்பயன் தெரிந்தது. அதனால் இதை மருந்து என்று எவரேனும் விற்க வந்தால் நம்பி வாங்கிவிடலாகாது. ஆய்வு வேறு, மருந்து வேறு.

ஐயாயிரம் பேருக்கு உணவளித்த பின், எஞ்சிய அப்பத் துண்டுகளை வீணாகாமல் சேர்க்குமாறு நம் ஆண்டவர் சீடரைப் பணித்ததை அருளப்பர் நற்செய்தியில் வாசிக்கின்றோம். பன்னிரு கூடைகள் நிறைந்தன. அளவின்றிக் கொடுக்க வல்லவரே எஞ்சியதைச் சேர்க்கச் சொன்னார். ஆலைக் கழிவில் பயன் தேடும் அறிஞர், அறிந்தோ அறியாமலோ, அக்கட்டளையைப் பின்பற்றுகின்றனர்.

மனிதர் கழிவாகலாமா?

ஆயினும் ஒரு கேள்வி எஞ்சுகின்றது. குலையின் நாரைக்கூட வீணாக்காத தொழில், மனிதரை வீணாக்கலாமா?

வண்டு வந்த அதே 1981-ஆம் ஆண்டு செப்டம்பரில் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் மனித உழைப்பைப் பற்றிய சுற்றுமடலை வெளியிட்டார். உழைப்பு மனிதனுக்காகவே, மனிதன் உழைப்புக்காக அல்லன் என்பது அதன் சாரம். அவ்வாண்டிலிருந்து தோட்டங்களின் வருவாய் வளர்ந்தது. ஆனால் மலேசியாவில் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2013-இல்தான். இடைப்பட்ட காலத்தில் பல தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீட்டுமனைகளாக மாற்றப்பட்டும் போயின. மூன்று தலைமுறை வாழ்ந்த லயத்து வீடுகளை விட்டுத் தமிழ்க் குடும்பங்கள் நகர்ப்புறக் குடிசைகளை நாடின. அவர்தம் இடத்தில் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் வந்து உழைக்கின்றனர். மகரந்தப் பையைச் சுமந்த பெண்களின் முதுகில் களைக்கொல்லி நஞ்சுத் தெளிப்பான் ஏறியது. பாராகுவாட் என்னும் கொடிய களைக்கொல்லி அங்கு முற்றாகத் தடை செய்யப்பட்டது 2020-இல்தான். வண்டை விடுமுன் பிற பயிர்களுக்குத் தீங்கு வருமா என்று சோதித்துப் பார்த்த அதே அக்கறை, நஞ்சைத் தொழிலாளியின் கையில் கொடுக்குமுன்னும் இருந்திருக்க வேண்டாமா?

காடுகளின் நிலையும் இதுவே. போர்னியோவிலும் சுமத்திராவிலும் செம்பனைக்காக மழைக்காடுகள் வீழ்த்தப்பட்டன. 1997-இலும் 2015-இலும் இந்தோனேசியக் காட்டுத் தீயின் புகை அண்டை நாடுகளையும் மூடிற்று. அந்த 2015-ஆம் ஆண்டிலேயே திருத்தந்தை பிரான்சிசு, நம் பொது இல்லமாகிய பூமியின் அழுகையும் ஏழைகளின் அழுகையும் ஒன்றே என்று உலகுக்கு நினைவூட்டினார்.

இது அயல்நாட்டுச் செய்தி என்று நாம் இருந்துவிட இயலாது. 2021-இல் இந்திய அரசும் எண்ணெய்ப் பனைப் பயிரை விரிவாக்கும் தேசியத் திட்டம் ஒன்றைத் தொடங்கியுள்ளது. நம் மண்ணிலும் இம்மரம் பெருகுமாயின், தண்ணீர் எங்கிருந்து வரும், காடு காக்கப்படுமா, உழைப்பவர்க்கு நேரிய கூலி கிட்டுமா என்று தொடக்கத்திலேயே கேட்பது நம் கடமை.

பெற்றோரே, அறிவியலில் நாட்டமுள்ள உங்கள் மகனையும் மகளையும் தடுக்காதீர்கள். மெண்டல் அடிகளைப் போல் பொறுமையுடன் எண்ணவும் ஆராயவும் ஊக்குவியுங்கள். அதனோடு, அவர்கள் கண்டுபிடிக்கும் நன்மையில் தொழிலாளிக்கும் அவன் பிள்ளைக்கும் உரிய பங்கு உண்டு என்பதையும் வீட்டிலேயே கற்பியுங்கள். இனி அடுப்பில் எண்ணெய்ச் சட்டியை ஏற்றும்போது, அக்குலையை வெட்டிய கைகளுக்காக ஒரு நொடி மன்றாடுங்கள்.