மாணவப் பருவமும் மக்கள் தொண்டும்

மேல்நிலை வகுப்பில் பயிலும் உங்கள் பிள்ளை, "பள்ளியில் தொண்டுப் பணி நடைபெறுகிறது, நானும் சேரட்டுமா?" எனக் கேட்டால் என்ன விடை பகர்வீர்கள்? "முதலில் மதிப்பெண்ணைப் பார், தொண்டெல்லாம் பிறகு" என்பதே பல இல்லங்களில் எழும் மறுமொழி.

ஆயின் துன்பம் தேர்வு முடியும்வரை காத்திருப்பதில்லை. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை குமரி மாவட்டக் கரையோரத்தைச் சூறையாடிற்று. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் தென்னையையும் வாழையையும் சாய்த்து, பல நாள் ஊர்களை இருளில் ஆழ்த்திற்று. அத்தகைய வேளைகளில் இராஜாக்கமங்கலம் போன்ற ஊர்களுக்கு வேண்டியவை பழகிய கைகளே. அப்பழக்கம் ஒரே நாளில் வந்துவிடுமா?

1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கப்பெற்ற நாட்டு நலப்பணித் திட்டம், பின்னர் மேல்நிலைப் பள்ளிகளுக்கும் விரிந்தது. இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரப் பணி. அத்துடன் ஏழு நாள் சிறப்பு முகாம். அந்த 240 மணியைக் கணக்கிட்டால் வாரத்திற்கு இரண்டரை மணிக்கும் குறைவே! இது கல்வியைக் கெடுக்குமா?

அனஸ் (ரலி) அவர்களின் வரலாற்றைப் பாருங்கள். பத்து வயதில் அவரைப் பெருமானார் (ஸல்) அவர்களின் பணிவிடைக்கு ஒப்படைத்தவர், அவர்தம் அன்னை உம்மு சுலைம் (ரலி) அவர்களே. பத்தாண்டுகள் பணிவிடை செய்த அச்சிறுவர், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நபிமொழிகளை உலகுக்கு அறிவித்த பேரறிஞராக உயர்ந்தார். தொண்டு அவருடைய கல்வியைத் தடுக்கவில்லை. தொண்டே அவருக்குக் கல்விக்கூடமாயிற்று.

யாருக்குத் தொண்டு செய்வது? மக்காவில் பொருளுக்கு விலை பெறாது ஏமாற்றப்பட்ட யமன் நாட்டு வணிகர் ஒருவருக்காக எழுந்ததே 'ஹில்ஃபுல் ஃபுளூல்' உடன்படிக்கை. நபித்துவத்திற்கு முன்னரே, இளமையில் அதில் பங்கேற்ற நாயகம் (ஸல்) அவர்கள், பிற்காலத்திலும் அதனைப் பெருமையுடன் நினைவுகூர்ந்தார்கள். குலமும் ஊரும் பாராது உதவுவதே அதன் உட்பொருள். நம் கரையோர மீனவச் சகோதரர்கள் பிற சமயத்தவராயினும் நம் அண்டை வீட்டாரல்லரோ?

ஓர் எச்சரிக்கையும் உண்டு. சான்றிதழுக்காகவும் புகழுக்காகவும் செய்யப்படும் பணி முகஸ்துதியாகிவிடும். செயல்கள் யாவும் எண்ணத்தைப் பொறுத்தனவே. சான்றிதழ் கிடைத்தால் பெற்றுக்கொள்ளட்டும். ஆனால் அதனை நாடிச் செல்ல வேண்டாம் என்று பிள்ளைக்குச் சொல்லுங்கள். பாதையில் கிடக்கும் முள்ளை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளை என்று கற்பித்த மார்க்கம் நம்முடையது. அம்முள்ளை அகற்றுவதற்குச் சான்றிதழ் எதற்கு?

அடுத்த முறை பிள்ளை கேட்கும்போது, "பிஸ்மில்லாஹ், சென்று வா" என்று கூறி வழியனுப்புங்கள். வல்ல அல்லாஹ் நம் இளைய தலைமுறையைப் பிறர் துயர் துடைப்போராக ஆக்கியருள்வானாக! ஆமீன்.