கோடு இழுக்கிற வேலை

புல்லட் வைத்திருப்பவர்கள் நாளைக் காலையில் வண்டியைத் துடைக்கும்போது டேங்கின் இரண்டு பக்கத்தையும் கொஞ்சம் குனிந்து பாருங்கள். பல வண்டிகளில் தங்க நிறத்தில் ஒரு மெல்லிய கோடு ஓடும். இடது பக்கக் கோட்டுக்கும் வலது பக்கக் கோட்டுக்கும் மயிரிழை வித்தியாசம் இருக்கும். வளைவில் ஒரு பக்கம் சற்றுப் பருத்திருக்கும், முடிகிற இடத்தில் ஒரு பக்கம் சற்றுக் கூர்மையாக இருக்கும். இதைக் குறை என்று ஷோரூமில் போய்ச் சண்டை போட்ட ஒருவரை எனக்குத் தெரியும். கையால் இழுத்த கோடு அப்படித்தான் சார் இருக்கும் என்று அவருக்குச் சொல்லிப் புரியவைப்பதற்குள் இரண்டு டீ ஆறிப்போனது.

நான் ஆம்பூர்க்காரன். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டிய பட்டறைகளில் லாரி பாடிக்கும் கடை போர்டுக்கும் பெயிண்ட் அடித்து வளர்ந்தவன். ஊரில் பாதிப்பேர் டேனரியையும் ஷூ கம்பெனியையும் நம்பிப் பிழைக்கிறார்கள். நான் பிரஷ்ஷை நம்பினேன். ஃபிளெக்ஸ் பேனர் வந்து போர்டு வேலையைத் தின்றது. ஸ்டிக்கர் வந்து நம்பர் பிளேட்டைத் தின்றது. மிச்சம் இருப்பது பழைய வண்டிகளும் அவற்றின் மேல் இழுக்கிற கோடும்தான்.

அந்த புல்லட் கோடு திருவொற்றியூரில் பிறந்தது. இந்திய ராணுவத்துக்கு வண்டி வேண்டும் என்று அரசாங்கம் ஆர்டர் கொடுக்க, 1955-ல் இங்கிலாந்து ராயல் என்ஃபீல்டும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை ஆரம்பித்தார்கள். பிறகு இங்கிலாந்துக் கம்பெனி மூடப்பட்டது. மெட்ராஸில் வண்டி ஓடிக்கொண்டே இருந்தது. இப்போது ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் பெரிய பெரிய தொழிற்சாலைகள், ரோபோ பெயிண்ட் அடிக்கிறது. ஆனால் டேங்க் கோட்டை இழுக்க மட்டும் மனிதக் கைதான். கிஷோர், ஜெயகுமார் என்று ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவர்கள் இந்த வேலைக்கு உலகம் முழுக்கப் பெயர் வாங்கிக் கொடுத்தார்கள். டேப் ஒட்டுவது கிடையாது, டேங்கில் பென்சில் குறி கிடையாது. அவர்கள் இழுக்கும் வீடியோவைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து “இதே மாதிரி போடுங்க மாஸ்டர்” என்று கேட்கிற பையன்கள் நிறைய. கம்பெனியும் இப்போது “மெட்ராஸ் ஸ்ட்ரைப்ஸ்” என்று பெயர் சொல்லியே விற்கிறது.

இந்தப் பழக்கம் மோட்டாருக்கு முந்தியது. குதிரை வண்டி கட்டிய பட்டறைகளில் சக்கரத்தின் ஆரக்கால், அச்சு, பக்கப் பலகை என்று ஓரம் கண்ட இடமெல்லாம் கோடு இழுத்தார்கள். கார் வந்தபோது அதே பட்டறைகள்தான் காருக்கும் பாடி கட்டின, அதே ஆட்கள்தான் பெயிண்ட் அடித்தார்கள். நான் சின்னப் பையனாக இருந்தபோது ஸ்டேஷன் வாசலில் நின்ற ஜட்காவின் சக்கரத்தில் பார்த்த மஞ்சள் கோடும், இங்கிலாந்துக் காரின் கதவில் ஓடுகிற கோடும் ஒரே வம்சம்.

அழகுக்குத்தானே என்பார்கள். அழகுக்குத்தான், ஆனால் அது எப்படி அழகாகிறது என்பதில்தான் தொழில் இருக்கிறது. ஒரே நிறத்தில் பெயிண்ட் அடித்த காரை நல்ல வெயிலில் நிறுத்தினால், பார்க்கிறவர் கண் எங்கேயும் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போகும். முன்விளக்கில் தொடங்கி கதவு வழியாகப் பின்பக்கம் வரை உடம்பில் ஒரு மடிப்பு ஓடும். அதை ஒட்டிக் கோடு விழுந்தால் கார் நீளமாகவும் தரையோடு தாழ்ந்தும் தெரியும். ஸ்போர்ட்ஸ் காருக்கு இது உயிர். அதே கோடு இரண்டு விரற்கடை கீழே இறங்கினால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய காரும் தொப்பை போட்டுவிடும். இரண்டு நிறம் அடித்த வண்டியில் இன்னொரு வேலையும் இருக்கிறது. நிறங்கள் சேருகிற இடத்தில் டேப் உரித்த விளிம்பு கரடுமுரடாக நிற்கும். கோடு அதன் மேல் படுத்து மூடிவிடும். அமெரிக்காவில் 1950-களில் வான் டச் என்ற பெயரில் பேரெடுத்த கென்னத் ஹோவர்டு, பானெட்டில் கிரைண்டர் போட்ட தழும்புகளை மறைக்கத்தான் முதலில் கோடு இழுத்தார் என்று சொல்வார்கள். பட்டறைக்காரன் எந்த நாட்டிலும் பட்டறைக்காரன்தான்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். பானெட் நடுவில் ஓடும் அகலமான ரேஸ் பட்டை வேறு சாதி. அமெரிக்கர் பிரிக்ஸ் கன்னிங்ஹாம் 1951-ல் லெ மான் ரேஸுக்குக் கொண்டுபோன வெள்ளைக் கார்களில் நீலப் பட்டை இருந்தது. அதெல்லாம் தூரத்திலிருந்து காரை அடையாளம் காண. நம் கோடு பக்கத்தில் வந்து பார்க்கிறவருக்கு.

தமிழ்நாட்டில் ஸ்போர்ட்ஸ் கார் எங்கே என்று கேட்காதீர்கள். சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் ரேஸ் நடந்த ஊர் இது. அதற்கும் மேலே ஒரு சங்கதி உண்டு. 1961-லிருந்து பெருங்களத்தூர் பக்கம் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி ஹெரால்டு கார் தயாரித்தது. வரைந்தவர் இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி. அதே ஹெரால்டின் சேஸிஸைக் குட்டையாக்கித்தான் இங்கிலாந்தில் 1962-ல் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் காரை இறக்கினார்கள். அதையும் வரைந்தவர் மிக்கெலோட்டியே. பானெட்டும் மட்கார்டும் ஒன்றாக முன்பக்கம் கவிழ்ந்து திறப்பது இரண்டிலும் ஒன்றுதான். நம்மூர் ஹெரால்டு ஸ்பிட்ஃபயருக்கு அண்ணன்.

அப்படி ஒரு ஹெரால்டு என்னிடம் வந்தது. பேரணாம்பட்டுப் பக்கம் டேனரி வைத்திருக்கும் குடும்பம், தாத்தா வாங்கிய கார், பேரன் புதுப்பிக்கிறார். உடம்புக்குப் பாலேட்டு வெள்ளை அடித்தாயிற்று. கோட்டுக்கு என்ன நிறம் என்பதில் வந்து நின்றது.

“சீட் என்ன கலர் பாய்?” என்றேன்.

சட்டைப் பையிலிருந்து உள்ளங்கை அளவு தோல் துண்டை எடுத்தார். கருஞ்சிவப்பு, நல்ல பளபளப்பு. “சீட் இதேதான் மாஸ்டர். பைப்பிங்கும் இதேதான்.”

நான் டியூப்லைட்டுக்குக் கீழே கொண்டுபோனேன். அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். “இங்க வேணாம் மாஸ்டர், வாசலுக்கு வாங்க. லைட்ல பாத்தா ஷேடு ஏமாத்தும்.”

தோல்காரர் கண்ணை நான் அன்றைக்கு மதித்தேன். பழைய இங்கிலாந்துக் கார்கள் பலவற்றில் சீட் ஓரத்துப் பைப்பிங்கின் நிறத்தைத்தான் வெளியே கோட்டுக்கும் எடுப்பார்கள்; கதவைத் திறக்கும்போது உள்ளும் வெளியும் ஒன்று சேரும். எனாமலில் ரெட் ஆக்சைடு, சொட்டுக் கறுப்பு, ஒரு துளி மஞ்சள் என்று கலந்து, தகரத்தில் தடவி, காயவிட்டு, வாசல் வெளிச்சத்தில் தோலோடு வைத்துப் பார்த்தோம். ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் ஒரு நிறம். அதை நான் அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கோடு இழுக்கும் பிரஷ்ஷைப் பார்த்தால் சிரிப்பீர்கள். கட்டைக் காம்பு, இரண்டு அங்குல நீளத்துக்கு முடி, கத்தி மாதிரி ஒரு பக்கம் சரிவாகச் சீவியிருக்கும். முடி இவ்வளவு நீளம் எதற்கு என்றால், வயிற்றில் பெயிண்ட்டைச் சேமித்து வைக்க. நடுவில் பெயிண்ட் தீர்ந்தால் கோடு செத்தது. ஒரு காலத்தில் போர்டு எழுதுகிறவர்கள் கீரி முடி பிரஷ்தான் வேண்டும் என்று அலைவார்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம், வாங்குவதும் தப்பு. இப்போது நைலான் நன்றாகவே வருகிறது. பழைய பெருமை பேசி ஒரு பிராணியைக் கொல்ல வேண்டியதில்லை.

முதலில் டர்பன்டைன் துணியால் டேங்கைத் துடைக்க வேண்டும். பாலிஷ் மிச்சம் இருந்தால் பெயிண்ட் பொரிப்பொரியாக விலகிக்கொள்ளும். பிறகு பழைய காலண்டர் அட்டையில் பிரஷ்ஷை முன்னும் பின்னும் இழுத்து இழுத்துப் பதம் பார்ப்பது. கெட்டியாக இருந்தால் இழுபடும், தண்ணியாக இருந்தால் ஒழுகும். ஆம்பூர் மே மாதத்தில் காலை எட்டு மணிப் பதம் பத்து மணிக்குச் செல்லாது. அப்புறம் சுண்டுவிரலை உடம்பின் ஓரத்தில் ஊன்றி, பிரஷ்ஷைப் படுக்கவைத்து, முழங்கையை மடக்காமல் தோளிலிருந்து இழுக்க வேண்டும். அழுத்தினால் பட்டை, விட்டால் நூல். வளைவு வந்தால் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் காம்பை உருட்ட வேண்டும். மணிக்கட்டைத் திருப்பினால் கோடு உடையும். கண் பிரஷ்ஷின் நுனியைப் பார்க்கக் கூடாது, போகப்போகிற இடத்தைப் பார்க்க வேண்டும். கெட்டுப்போனால் துணியால் துடைத்துவிட்டு மறுபடி இழுக்கலாம். நன்றாகக் காய்ந்த அடிப் பெயிண்ட்டை எனாமல் கடிக்காது, அதனால்தான் கோட்டுக்கு எனாமல்.

தங்க நிறம்தான் தொல்லை. வெண்கலப்பொடியை வார்னிஷில் கலப்பது பழைய முறை. போட்ட அன்று கோயில் விக்கிரகம் மாதிரி ஜொலிக்கும். மேலே நிறமில்லாத கிளியர் பூச்சு மூடாவிட்டால் கொஞ்ச காலத்தில் கறுத்துப் பச்சை பாயும். பழைய புல்லட்களில் கோடு மங்கிக் கிடப்பதைப் பார்த்துப் பெயிண்டரைத் திட்டாதீர்கள்.

பணம் இருக்கிற இடத்திலும் கோட்டுக்கு மனிதக் கைதான். ரோல்ஸ் ராய்ஸ் கார்களின் பக்கவாட்டுக் கோட்டை இங்கிலாந்தின் குட்வுட் தொழிற்சாலையில் மார்க் கோர்ட் என்பவர் கையால் இழுத்துப் புகழ்பெற்றார். 3 மில்லிமீட்டர் அகலம், 6 மீட்டர் வரை நீளம், ஒரு காருக்கு மூன்று மணி நேரம் பிடிக்கும். அவரும் ஒரு காலத்தில் கடை போர்டு எழுதியவர்தான் என்று கேள்விப்பட்டபோது எனக்கு அவர் நம்மாளாகிவிட்டார்.

ஸ்டிக்கர் கோட்டை நான் முழுக்க வெறுப்பவன் இல்லை. லாரியின் நேர்ப்பலகைக்கு ஒட்டுங்கள், தாராளமாக. டேங்குக்கு ஆகாது. டேங்க் இரண்டு திசையிலும் வளைகிற பொருள். நேர்நாடாவை அதில் மடக்கினால் உள் ஓரம் சுருங்கும், வெளி ஓரம் தூக்கும், தூக்கிய இடத்தில் அழுக்கு சேரும். மூடி ஓரத்தில் பெட்ரோல் சிந்தினால் பசை விட்டுவிடும். எல்லாவற்றுக்கும் மேல், தொடங்கிய அகலத்திலேயே முடிகிற கோட்டில் உயிர் இல்லை. இது என் பிழைப்புக்காகச் சொல்வது என்று நினைத்தால் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய வண்டியைப் புதுப்பிக்கக் கொடுக்கப்போகிறவர்களுக்கு: உப்புத்தாள் படுவதற்கு முன்னால் கோட்டின் மேல் ஸ்கேல் வைத்துப் போட்டோ எடுங்கள். இரண்டு பக்கமும் டிரேசிங் பேப்பர் வைத்துப் படியெடுத்து, விளிம்பிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் என்று அதிலேயே எழுதிவையுங்கள். சுரண்டிய பிறகு “பழைய மாதிரியே போடுங்க” என்று கேட்டால் எந்தப் பெயிண்டருக்கும் ஞானக்கண் கிடையாது. கோடு கையாலா, ஸ்டிக்கரா, கிளியருக்கு மேலா, கீழா என்று கூலி பேசும்போதே பேசிவிடுங்கள். கிளியருக்கு மேல் இழுத்த கோடு என்றால் நன்றாக இறுகும் வரை வாக்ஸ் போடாதீர்கள், டேங்கை வெறும் தண்ணீரில் மட்டும் கழுவுங்கள்.