தீவில் தங்கிய நஞ்சு

நுழையும்முன்

அடிமை முறையை ஒழித்த புரட்சியும் ஆலைகளை எழுப்பிய தொழில்வளர்ச்சியும் வரலாற்று நூலில் வெவ்வேறு இயல்களில் இடம்பெறுகின்றன. மண் நஞ்சாவது அறிவியல் பாடத்திற்குரியதாகக் கருதப்படுகிறது. தமிழர் குடியேறிய இரண்டு கரீபியத் தீவுகளில் இவை மூன்றும் ஒன்றோடொன்று பிணைந்து கிடக்கின்றன.

சவ்வாது மலையில் பிறந்து கலசப்பாக்கத்தைத் தொட்டுச் செல்லும் செய்யாறு, பாலாற்றோடு கலந்து வங்கக் கடலை அடைகிறது. மலைபடுகடாம் இதனைச் சேயாறு என்று குறிக்கும். மழைக்காலத்தில் ஆறு பெருகும்போது, கரையோர வயல்களில் இட்ட உரமும் தெளித்த மருந்தும் ஓரளவு நீரோடு போய்விடுகின்றன. போனவை எங்கே தங்கும் என்று நாம் பெரும்பாலும் கேட்பதில்லை. கீழே இன்னோர் ஊர் உண்டு, அதற்கும் கீழே கடல் உண்டு என்னும் எண்ணம் நம்மைக் கேட்கவிடுவதில்லை. தீவில் வாழ்வோர்க்கு இந்த ஆறுதலும் இல்லை. எரிமலைச் சரிவில் தோன்றும் ஆறு சிறிது தொலைவிலேயே கடலில் விழுந்துவிடும். மேட்டு வயலில் இட்ட நஞ்சு, அன்றாடம் மீன் பிடிக்கும் கரைக்கே வந்து சேரும்.

குவாதலூப், மர்த்தினிக் என்னும் இரு தீவுகளும் கரீபியக் கடலின் கிழக்கு விளிம்பில் உள்ளன. இரண்டையும் சேர்த்தாலும் பரப்பளவு திருவண்ணாமலை மாவட்டத்தில் பாதிகூட இராது. பதினேழாம் நூற்றாண்டு முதல் பிரான்சின் ஆட்சியில் இருந்துவரும் இத்தீவுகள், 1946ஆம் ஆண்டு முதல் அந்நாட்டின் மாவட்டங்களாகவே கருதப்படுகின்றன. அங்கே மாரியம்மனுக்குக் கோயில்கள் உண்டு. ‘கொலொம்போ’ என்னும் மசாலா உணவு அத்தீவினரின் பொது உணவாகவே ஆகிவிட்டது. அச்சொல் நம் ‘குழம்பு’ என்பதன் திரிபு என்று கூறுவோர் உளர். அத்தீவுகளுக்குத் தமிழர் எவ்வாறு சென்றனர் என்பதை அறியப் பிரெஞ்சுப் புரட்சியின் காலத்திற்குச் செல்லவேண்டும்.

புரட்சி தந்ததும் தராததும்

ஐரோப்பியரின் தேநீருக்கும் காப்பிக்கும் இனிப்பூட்டிய சர்க்கரை, ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட அடிமைகளின் உழைப்பால் இத்தீவுகளில் விளைந்தது. 1789இல் பாரிசில் வெடித்த புரட்சி, மனிதர் அனைவரும் உரிமையில் சமமானவர் என்று அறிவித்தது. கடல் கடந்த கரும்புத் தோட்டங்களுக்கு அவ்வறிவிப்பு உடனே பொருந்தவில்லை. 1794இல் புரட்சி அரசு அடிமை முறையை ஒழித்தது. குவாதலூப் மக்கள் விடுதலை பெற்றனர். அப்பொழுது ஆங்கிலேயர் கையில் இருந்த மர்த்தினிக்கிற்கு அவ்விடுதலை எட்டவே இல்லை. எட்டாண்டுகளில் நெப்போலியன் அடிமை முறையை மீண்டும் நிலைநாட்டப் படை அனுப்பினான். அதனை எதிர்த்துப் போரிட்ட லூயி தெல்கிரேசு, 1802 மே 28ஆம் நாள், சரணடைவதினும் சாவது மேலெனத் தம் தோழர்களோடு வெடிமருந்துக்குத் தீயிட்டு மாண்டார். கொடுத்த விடுதலையைத் திரும்பப் பறித்த இந்நிகழ்வை அத்தீவு இன்றும் மறக்கவில்லை.

1848ஆம் ஆண்டுப் புரட்சிதான் அடிமை முறைக்கு முற்றுப்புள்ளி வைத்தது. ஏப்ரல் 27ஆம் நாள் பாரிசில் ஆணை பிறந்தது. அது கப்பலில் வந்து சேரும் வரை மர்த்தினிக் மக்கள் காத்திருக்கவில்லை. மே 22ஆம் நாள் அவர்களே கிளர்ந்தெழுந்தனர். மறுநாளே ஆளுநர் விடுதலையை அறிவிக்க நேர்ந்தது. இரு தீவுகளிலும் ஒன்றரை இலட்சத்திற்கும் மேற்பட்டோர் விடுதலை பெற்றனர்.

இந்த இடத்தில் நாம் சற்று நின்று நோக்குதல் வேண்டும். விடுதலைக்குப்பின் இழப்பீடு வழங்கப்பட்டது உண்மை. ஆனால் அது அடிமைகளுக்கன்று. அடிமைகளை இழந்த முதலாளிகளுக்கு வழங்கப்பட்டது. நிலமும் அவர்களிடமே இருந்தது. மனிதனுக்கும் மனிதனுக்கும் இடையிலான சட்டத்தைப் புரட்சி மாற்றியது. மனிதனுக்கும் மண்ணுக்கும் இடையிலான உடைமையைத் தொடவில்லை. ஒரே பயிரைப் பெருந்தோட்டங்களில் விளைவித்து, விளைந்ததையெல்லாம் கப்பலேற்றும் முறை அப்படியே தொடர்ந்தது. ஒன்றேகால் நூற்றாண்டுக்குப்பின் நேர்ந்த கேட்டுக்கு வித்து இங்கேதான் ஊன்றப்பட்டது என்று கருத இடமுண்டு.

விடுதலை பெற்றோரில் பலர் தோட்டங்களைவிட்டு நீங்கினர். அவர்தம் இடத்தை நிரப்ப ஒப்பந்தக் கூலிகள் தேடப்பட்டனர். புதுச்சேரியும் காரைக்காலும் பிரான்சின் துறைமுகங்கள். அவற்றைச் சூழ்ந்த தமிழ் மாவட்டங்களில் வறுமைக்குக் குறைவில்லை. கலசப்பாக்கத்திலிருந்து புதுச்சேரி அக்காலத்தில் சில நாள் நடைத்தொலைவுதான். ‘ஒரேலி’ என்னும் கப்பல் 1853 மே மாதத்தில் மர்த்தினிக்கையும், 1854 டிசம்பரில் குவாதலூப்பையும் அடைந்து முதல் கூலிகளை இறக்கியது. அதன்பின் ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகளில் குவாதலூப்பிற்கு 42,000 பேரும், மர்த்தினிக்கிற்கு 25,000 பேரும் சென்றனர். அவர்களுள் பெரும்பாலோர் தமிழர். குவாதலூப்பில் பிறந்த இந்தியர்க்குக் குடியுரிமையும் வாக்குரிமையும் வேண்டி, ஆன்றி சிதம்பரம் என்பார் 1904 முதல் 1923 வரை வழக்காடி வென்றார். அவர் காப்பேஸ்தேர் என்னும் ஊரினர். அவ்வூரின் பெயரை நினைவில் வைத்துக்கொள்க.

நீராவியும் வாழையும்

கூலிகள் இறங்கிய அதே காலத்தில் நீராவி எந்திரங்களும் இறங்கின. மாடுகளும் காற்றாடிகளும் சுழற்றிய பழைய செக்குகள் மறைந்து, பல தோட்டங்களின் கரும்பை ஒரே இடத்தில் பிழியும் பேராலைகள் எழுந்தன. ஆலையின் வாய் பெரிது. அதை நிரப்பக் கரும்பு மேன்மேலும் தேவைப்பட்டது. ஐரோப்பாவிலோ பீட்ரூட் கிழங்கிலிருந்து சர்க்கரை எடுக்கும் தொழில் வளர்ந்தது. தீவுச் சர்க்கரையின் விலை சரிந்தது. இருபதாம் நூற்றாண்டில் குளிரூட்டிய கப்பல்கள் வந்தபின், கரும்பு இருந்த சரிவுகள் பலவற்றில் வாழை ஏறியது.

வாழையோடு அதன் பகையும் வந்தது. வாழை பயிரிடும் தமிழக உழவர் அனைவரும் கிழங்குக் கூன்வண்டை அறிவர். தாய்வண்டு கிழங்கருகே முட்டையிடும்; புழு கிழங்கைக் குடைந்து செல்லும்; பலமான காற்றொன்று வீசினால் மரம் சாய்ந்துவிடும். வீட்டுக் கொல்லையில் பத்து வாழை இருந்தால் வண்டும் அளவோடு இருக்கும். மலைச்சரிவு முழுவதும் வாழையே நின்றால் வண்டுக்கு அது வற்றாத விருந்து. வெட்டிய தண்டை நெடுக்குவாட்டில் பிளந்து வயலில் வைத்தால் வண்டுகள் அதனடியில் வந்து கூடும், எடுத்து அழித்துவிடலாம். இதற்கு ஆள் வேண்டும், பொறுமை வேண்டும். பெருந்தோட்டம் விரைவான வழியை நாடியது.

குளோர்டெக்கோன் என்னும் பூச்சிக்கொல்லி அமெரிக்க வேதித்தொழிலின் ஆக்கம். பத்துக் கார்பன் அணுக்கள் கூண்டுபோல் அடுக்கப்பட்டிருக்க, அவற்றோடு பத்துக் குளோரின் அணுக்களும் ஓர் ஆக்சிஜன் அணுவும் பிணைந்த மூலக்கூறு அது. கூண்டின் உறுதியே அதன் கேடு. மண்ணிலுள்ள நுண்ணுயிர்களால் அதனை எளிதில் உடைக்க இயலாது. நீரிலும் அது எளிதில் கரையாது. கரிமச்சத்து மிகுந்த மண்ணைப் பற்றிக்கொண்டு சிறிது சிறிதாகக் கசியும். எரிமலை மண்ணோ கரிமச்சத்து மிகுந்தது.

1972இல் பிரெஞ்சு அரசு வாழைத் தோட்டங்களில் இதனைப் பயன்படுத்த அனுமதி அளித்தது. தொழிலாளர் வெறுங்கையால் வெள்ளைத் தூளை அள்ளி மரத்தடியில் தூவினர். 1974 பிப்ரவரியில் மர்த்தினிக்கின் வாழைத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு நச்சு மருந்துகள் பற்றிய கோரிக்கையும் அவர்கள் பட்டியலில் இருந்தது. ஆய்வுக்கூடங்கள் உரக்கச் சொல்வதற்கு முன்பே, தூவிய கைகள் அதனை உணர்ந்திருந்தன. சால்வே என்னுமிடத்தில் காவற்படை சுட்டது. அப்போராட்ட நாள்களில் இருவர் உயிரிழந்தனர். கோரிக்கை கேட்பாரற்றுப் போயிற்று.

அடுத்த ஆண்டே, 1975இல், அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்திலுள்ள ஹோப்வெல் நகரில் இதே மருந்தைச் செய்த ஆலையின் தொழிலாளர் கைகால் நடுக்கத்தால் வீழ்ந்தனர். ஆலை மூடப்பட்டது, ஜேம்ஸ் ஆற்றில் மீன்பிடிப்பதற்குத் தடை விதிக்கப்பட்டது, அமெரிக்கா இந்நஞ்சைக் கைவிட்டது. தீவுகளிலோ, 1979, 1980ஆம் ஆண்டுகளின் சூறாவளிகள் தோட்டங்களைச் சாய்க்க, வண்டு பெருகிற்றென்று கூறி 1981இல் வேறு பெயரில் அதே மருந்துக்கு மீண்டும் அனுமதி வழங்கப்பட்டது. 1990இல் பிரான்சு அதனைத் தடை செய்தது. அப்பொழுதும் இருப்பைத் தீர்க்கும் பொருட்டுத் தீவுகளுக்கு மட்டும் விலக்கு அளித்து, 1993 வரை பயன்படுத்த விட்டது. தலைநகருக்கு ஒரு நீதி, தீவுக்கு ஒரு நீதி என்று அம்மக்கள் இன்று கொதிப்பதற்குக் காரணம் இவ்விலக்கே. அதற்குள் ஏறத்தாழ 300 டன் நஞ்சு அந்த மண்ணில் கலந்துவிட்டது.

கனியில் ஏறாத நஞ்சு

இக்கதையின் மிகக் கசப்பான உண்மை ஒன்றுண்டு. குளோர்டெக்கோன் வாழைக் கனிக்குள் ஏறுவதில்லை. மண்ணில் நிற்கும் நஞ்சு மரத்தின் உயரம் கடந்து குலையை அடையாது. ஆகவே கப்பலேறி ஐரோப்பியச் சந்தைக்குச் சென்ற பழம் தூய்மையாகவே சென்றது. உண்டவர் எவர்க்கும் ஊறில்லை. ஐயம் எழவும் வழியில்லை. நஞ்சு தீவிலேயே தங்கியது.

தங்கிய நஞ்சு எங்கெங்கே சென்றது? சேம்பு, வள்ளி, சர்க்கரைவள்ளி முதலிய கிழங்குகள் மண்ணோடு நேரே உறவாடுபவை. அவற்றில் அது ஏறியது. மேய்ந்த மாட்டின் கொழுப்பில் சேர்ந்தது. மண்ணைக் கிளறிய கோழியின் முட்டையில் சேர்ந்தது. ஊற்றுகளில் கசிந்தது, 1999ஆம் ஆண்டுக்குப்பின் குவாதலூப்பில் சில குடிநீர் ஊற்றுகளை மூடவும், ஏனையவற்றில் கரி வடிகட்டிகளைப் பொருத்தவும் நேர்ந்தது. ஆறுகள் அதனைக் கடற்கரைக்குக் கொண்டுசேர்க்க, சிங்கி இறாலிலும் மீனிலும் அது காணப்பட்டது. 2009ஆம் ஆண்டையொட்டிக் கரையோரக் கடலின் சில பகுதிகளில் மீன்பிடி தடைசெய்யப்பட்டது. வலையைத் தவிர வேறறியாத மீனவர், தாம் ஒருநாளும் தொடாத தூளுக்காகத் தொழிலை இழந்தனர்.

வயது வந்தோரில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேலாக, குருதியில் இந்நஞ்சு காணப்படுவதாக 2018இல் வெளியான அரசு சுகாதார ஆய்வு கூறியது. கடையில் வாங்கி உண்போரைவிட, தம் கொல்லையில் விளைந்ததையும் உறவினர் கொடுத்ததையும் வழியோரத்தில் விற்றதையும் உண்போர்க்கே ஆபத்து மிகுதி என்றும் அறியப்பட்டது. கிழங்கும் மீனும் பகிர்ந்துண்ணும் பழக்கமே எளியோரைச் சுட்டது. ஆண்களுக்கு வரும் புரோஸ்டேட் புற்றுநோயோடு இந்நஞ்சுக்குத் தொடர்புண்டு என்பதை 2010இல் வெளியான ஆய்வு காட்டியது. 2021 டிசம்பரில், தோட்டத் தொழிலாளர்க்கு வரும் அந்நோயைத் தொழில்வழி நோயாகப் பிரான்சு ஏற்றது. 2006இல் தொடுக்கப்பட்ட குற்ற வழக்கோ, காலம் கடந்துவிட்டது என்பது உள்ளிட்ட காரணங்களால் 2023 சனவரியில் முடித்துவைக்கப்பட்டது. வழக்குக்குக் காலவரம்பு உண்டு. நஞ்சுக்கு அது இல்லை. சிலவகை எரிமலை மண்ணில் அது பல நூற்றாண்டுகள் நிற்கும் என்று மண்ணியலார் கணக்கிட்டுள்ளனர்.

இது தீவுகளுக்கே உரிய விதி என்று எண்ணிவிட வேண்டா. கேரளத்தின் காசர்கோட்டில், முந்திரித் தோட்டங்களின்மேல் வானூர்தியிலிருந்து தெளித்த எண்டோசல்பானும் இக்குளோரின் குடும்பத்தைச் சார்ந்ததே. அங்கும் தோட்டம் ஒன்று, பயிர் ஒன்று, முடிவெடுப்போர் தொலைவில். 2011இல் உச்சநீதிமன்றம் அதற்குத் தடை விதிக்கும்வரை மக்கள் நெடுங்காலம் போராடினர். குளோர்டெக்கோன், எண்டோசல்பான் இரண்டும் உலக நாடுகளின் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கைப் பட்டியலில் இன்று இடம்பெற்றுள்ளன.

காப்பேஸ்தேருக்கு மீள்வோம். சூஃப்ரியேர் எரிமலையின் கிழக்குச் சரிவில் அமைந்த அவ்வூரில்தான் ஒப்பந்தக் கூலிகளின் வழிவந்தோர் மிகுதியாக வாழ்கின்றனர். சாங்கி என்னுமிடத்தில் வண்ணக் கோபுரத்தோடு தமிழ்முறைக் கோயிலும் உண்டு. வாழைத் தோட்டங்கள் சூழ்ந்த அச்சரிவே நஞ்சு மிகுந்த மண்டலமும் ஆகும். கடல் கடந்து வந்த முன்னோர், கரும்பு வெட்டி முடித்த நேரம்போக, வீட்டைச் சுற்றிக் கொல்லை அமைத்து வாழ்ந்தனர். இன்று அக்கொல்லையின் மண்ணைக் கட்டணமின்றிச் சோதித்துத்தர அரசுத் திட்டம் உள்ளது. மண் எடுத்துச் செல்லப்படுகிறது. சில வாரங்களில் முடிவு தாளில் வருகிறது. நஞ்சு மிகுந்திருந்தால் கிழங்கு நடுதல் கூடாது. தக்காளியோ கத்தரியோ பழமரமோ வைக்கலாம். பாட்டன் காலம் முதல் சேம்பு விளைந்த பாத்தியில், அத்தாளைப் பார்த்துக் கத்தரி நாற்று நடுகிறார்கள்.