ஒரு நோட் மிஸ்ஸிங்... பாட்டு சூப்பர் ஹிட்!

மைக்ரோபிராசஸர் லேப்ல 8085 கிட் முன்னாடி உட்கார்ந்த அனுபவம் இருக்கா பாஸ்? ஹெக்ஸ் கோடை ஒவ்வொண்ணா தட்டும்போது ஒரே ஒரு பைட்டை விட்டுட்டா, அவுட்புட் கோவிந்தா! போன செமஸ்டர்ல அப்படி முழிச்சவன் நான். அதனாலயே 'ப்ளூ மன்டே' கதை எனக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு.

இங்கிலாந்துல மான்செஸ்டர் பக்கம் 'ஜாய் டிவிஷன்'னு ஒரு ராக் பேண்ட். முதல் அமெரிக்க டூருக்குக் கிளம்பற நேரத்துல, 1980 மே மாசம், பாடகர் இயன் கர்ட்டிஸ் தற்கொலை செஞ்சுக்கிட்டார். வயசு 23தான். இடிஞ்சு போன மீதி மூணு பேரும் பழைய பெயரை விட்டுட்டு 'நியூ ஆர்டர்' ஆனாங்க. கிடார் வாசிச்ச பெர்னார்ட் சம்னர் பாட ஆரம்பிச்சார். கீபோர்டுக்கு கில்லியன் கில்பர்ட் வந்து சேர்ந்தார். கொஞ்சம் கொஞ்சமா மெஷின்களும் பேண்டுக்குள்ள நுழைஞ்சது.

1983 மார்ச்சில் வந்தது 'ப்ளூ மன்டே'. நீளம் ஏழரை நிமிஷம்! டிரம்ஸுக்கு ஓபர்ஹைம் டிஎம்எக்ஸ் மெஷின். நோட்டுகளை வரிசையா ஓட்டற சீக்வென்ஸர், சம்னர் கிட் வாங்கித் தானே அசெம்பிள் பண்ணினது. (நம்ம ஆளு!)

நோட்டுகளை ஒவ்வொண்ணா கையால ஏத்தற வேலை கில்லியனுக்கு. ஏ4 தாள்களை ஸ்டுடியோ நீளத்துக்கு ஒட்டி, அதைப் பார்த்துப் பார்த்து ஏத்தினார். நடுவுல ஒரு நோட் விட்டுப்போச்சு! விளைவு, சிந்தசைஸர் மெலடி தாளத்தோட ஒட்டாம, லேசா நழுவிக்கிட்டே ஓடுது. அதையே அப்படியே ரிலீஸ் பண்ணிட்டாங்க.

சொதப்பல் அதோட நிக்கல. பீட்டர் சவில் டிசைன் பண்ணின உறை, ஃப்ளாப்பி டிஸ்க் மாதிரி ஓட்டையெல்லாம் போட்டு செம ஸ்டைல். ஆனா, பேண்ட் பெயரைத் தேடினா கிடைக்காது. எல்லாம் கலர் கட்டங்கள்ல ரகசியக் குறியீடு! பிபிசியோட 'டாப் ஆஃப் தி பாப்ஸ்' மேடையில மத்தவங்க ரெக்கார்டுக்கு வாயசைச்சப்போ, இவங்க நிஜமாவே வாசிச்சு சொதப்பினாங்க.

ஆனாலும் என்ன? 12 இன்ச் சிங்கிள்கள்ல அதிகம் வித்தது இதுதான்!

இன்னைக்கு ஒரே கிளிக்ல எல்லா நோட்டையும் தாளத்துல கச்சிதமா உட்கார வெச்சிடலாம். அன்னைக்கு அந்த வசதி இருந்திருந்தா, இந்த நழுவல் காணாமப் போயிருக்கும். மெஷின் வாசிச்ச பாட்டுல ஒரு மனுஷி இருந்ததுக்கு அந்த விட்டுப்போன நோட்தான் சாட்சி. ஹெட்போன் மாட்டிட்டு ஒருமுறை கேட்டுப் பாருங்க.

பி.கு: இந்தக் கதையை லேப்ல சொல்லிப் பார்த்தேன். எடுபடலை... ரிப்பீட் லேப்தான்!