வரைபடத்தைத் திறக்கும் 'ஷோ'

ஹைதராபாத் மெட்ரோவில் ஹப்சிகுடாவை அடுத்து வரும் நிலையத்தின் பெயரே என்ஜிஆர்ஐ. 1961-இல் தொடங்கிய தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனம்தான் அது. 1967 டிசம்பரில் மகாராஷ்டிரத்தின் கொய்னா அணைப் பகுதியை உலுக்கிய நிலநடுக்கத்தின் காரணங்களை நீண்டகாலமாக ஆராய்ந்துவரும் இடம். இங்கிருந்து வரும் ஆய்வுக் கட்டுரைகளில் நிலநடுக்கப் புள்ளிகள் இட்ட வரைபடங்கள் பல, ஜிஎம்டி என்ற இலவச மென்பொருளில் வரையப்பட்டவை.

ஜிஎம்டியில் மவுஸுக்கு வேலையில்லை, எல்லாமே கட்டளைதான். அமெரிக்காவின் லேமண்ட் ஆய்வகத்தில் மாணவர்களாக இருந்தபோது பால் வெசலும் வால்டர் ஸ்மித்தும் உருவாக்கியது இது. முதல் பதிப்பு 1988-இல் வந்தது.

கடற்கரைக் கோட்டுக்கு ஒரு கட்டளை, நிலநடுக்கப் புள்ளிகளுக்கு ஒன்று, ஊர்ப் பெயர்களுக்கு மற்றொன்று. எல்லாம் ஒரே கோப்பில் அடுக்கடுக்காகச் சேர வேண்டும். 'இன்னும் வரும், மூடாதே' என்று சொல்ல 'கே' என்ற எழுத்து. 'இருப்பதன் மேலேயே வரை' என்று சொல்ல 'ஓ'. முதல் கட்டளைக்கு கே மட்டும், கடைசிக்கு ஓ மட்டும், நடுவில் இரண்டும். ஓர் எழுத்து விட்டுப்போனாலும் படம் கெட்டுவிடும். தப்பித் தவறி ஒழுங்காக வந்தால், அதைத் திறந்து பார்க்கத் தனியாக இன்னொரு நிரல்.

இந்த எழுத்துகளுக்கும் புவி இயற்பியலுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. கணினி நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியதை ஆய்வாளர் தலையில் கட்டியிருந்தார்கள்.

2019-இல் வந்த ஆறாம் பதிப்பு இதை மாற்றியது. தொடக்கத்தில் 'பிகின்', முடிவில் 'எண்ட்'. நடுவில் எது எதன் மேல் என்பதை மென்பொருளே பார்த்துக்கொள்ளும். 'எண்ட்' பக்கத்தில் 'ஷோ' சேர்த்தால் முடிந்த படம் தானே திரையில் திறக்கும்.

ஷோ செய்வது ஒன்றுதான்: கோப்பை இயங்குதளத்திடம் ஒப்படைப்பது. மேக்கில் 'ஓபன்', விண்டோஸில் 'ஸ்டார்ட்', லினக்ஸில் 'எக்ஸ்டிஜி-ஓபன்' என்ற கட்டளைகள் இதற்கென்றே உள்ளன. லினக்ஸில் க்னோம், கேடிஇ என ஒவ்வொரு மேசைத்தளமும் தன் வழியில் கோப்பைத் திறந்துகொண்டிருந்ததால், 2006-இல் பொதுவாக வந்தது எக்ஸ்டிஜி-ஓபன். கோப்பு என்ன வகை என்று முதலில் பார்க்கும். பெயரின் வால்பகுதி ஒரு தடயம்; தொடக்க எழுத்துகள் இன்னொன்று. பிடிஎஃப் என்றால் சதவீதக் குறியும் அந்த மூன்று எழுத்துகளும் முதல் வரியிலேயே இருக்கும். வகை தெரிந்ததும், அதற்கு நீங்கள் தேர்ந்துவைத்த செயலியை அழைக்கும்.

பழைய கே, ஓ முறையும் ஆறாம் பதிப்பில் ஓடுகிறது. பல ஆண்டு உழைப்பில் எழுதிய நிரல்கள் வீணாகவில்லை. இந்த அக்கறை பெரிது. ஆனால் புதிதாக வரும் மாணவர்களுக்கு ஜிஎம்டி சொல்லித் தரும் ஆசிரியர்கள், பழைய குறிப்பேட்டை மூடிவைத்துவிட்டு 'பிகின்' என்ற கட்டளையிலிருந்தே பாடத்தைத் தொடங்க வேண்டும்.